வீட்டில் ஒருவருக்கு டிபி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை

எங்கள் அண்ணிக்குக் காசநோய் என்று தெரிந்த அன்றைக்கே அவர் தட்டும் தம்ளரும் தனியாகிவிட்டன. சோப்பு தனி, துணிக்கொடி தனி. அம்மா சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அண்ணி முகத்தைப் பார்க்கவே முடியாது.

மாதக்கணக்கில் அவர் இருமிக்கொண்டு படுத்திருந்தது ஜன்னல் சாத்திய ஒரே அறையில். பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளை. தட்டைப் பற்றி அத்தனை பேச்சு நடந்த வீட்டில் அந்தப் பிள்ளையைப் பற்றி முதலில் கேட்டது, அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சுகாதாரப் பார்வையாளர்தான். வந்ததும் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். "இது தட்டுல ஒட்டாதும்மா, காத்துல வரும்" என்றார். இருமும்போது வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் சாத்திய அறையில் ஊதுபத்திப் புகை மாதிரி மணிக்கணக்கில் நிற்குமாம். காற்றோட்டம் வந்தால் கலைந்துவிடும்.

பிள்ளையைப் பரிசோதித்தார்கள். நோய் இல்லை. ஆனாலும் ஆறு மாதம் ஐசோனியசிட் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிருமி உள்ளே போனால் சீக்கிரமே நோயாக முற்றும், மூளைக்காய்ச்சல் வரை போகும் என்று சொன்னார். இன்று அண்ணியும் பிள்ளையும் நலம். உங்கள் வீடுகளில் எப்படி நடந்தது? எழுதுங்கள்.

நுண்ணோக்கி

காசநோய் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றினால், நீலப் பின்னணியில் கிருமிகள் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். அதைப் பார்த்த மாத்திரத்தில் என் மனம் அந்த ஆளிடம் நிற்காது, அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் ஓடும்.

தட்டைப் பிரிப்பது, ஆளைப் பிரிப்பது எல்லாம் பழைய சானடோரியம் (காசநோயாளிகளைத் தனியே வைத்துப் பார்த்த மருத்துவமனை) காலத்துப் பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னதே நம் சென்னைதான். அது நம்மில் பலருக்குத் தெரியாமலிருப்பது எனக்குப் பெரிய வருத்தம். 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து செய்த வேலை. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் முன்னின்று நடத்தினார். ஏழை நோயாளிகள் 193 பேரை, யார் எங்கே என்பதில் மருத்துவரின் விருப்பம் நுழையாதபடி குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். நல்ல சாப்பாடு, ஓய்வு, செவிலியர் கவனிப்பு. மறுபாதி நெரிசலான தங்கள் வீட்டிலேயே. அரைகுறைச் சாப்பாடு, பலருக்கு வேலையும் உண்டு. இரு பக்கத்துக்கும் ஒரே மாத்திரை, ஓர் ஆண்டு.

குணமானவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. அதைவிட முக்கியமானது, இரு பக்கத்து நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துக் கண்டது: நோயாளி வீட்டில் இருந்தே சிகிச்சை பெற்றதால் குடும்பத்தில் கூடுதலாக யாருக்கும் நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே தொற்றிவிடுகிறது. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கினால் சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனைக்குப் போகச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. விடிகாலையில் ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும். நிறையப் பேர் எச்சிலைத் துப்பிக் கொண்டுவருவார்கள். எச்சிலில் கிருமி கிடைக்காது, 'இல்லை' என்று முடிவு வந்துவிடும், நோய் ஊருக்குள் நடந்துகொண்டிருக்கும்.

பனியன் நகரம்

நான் நோயாளியா இருந்தவன். திருப்பூர்ல ஒரே ரூம்ல ஆறு பேர் தங்கியிருந்தோம், ஷிஃப்டு மாத்தி மாத்தித் தூக்கம். இருமலுக்கு மெடிக்கல்ல சிரப் வாங்கி வாங்கிக் குடிச்சேன். எடை இறங்கிச்சு, சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரி வேர்வையில பாய் நனைஞ்சிரும். சளியில ரத்தம் பார்த்தப்புறம்தான் டெஸ்ட் எடுத்தாங்க. ரூம்ல எல்லாரையும் பார்த்தாங்க, இன்னொரு பையனுக்கும் இருந்துச்சு. அவன் இருமவே ஆரம்பிக்கலை. அப்பவே பிடிச்சதால தப்பிச்சான்.

மாத்திரை சாப்பிட்டா சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க, அது ரிஃபாம்பிசின்ங்கிற மாத்திரையோட நிறம். ரெண்டு மாசத்துல உடம்பு தேறிடும், பசி எடுக்கும், குணமாயிடுச்சுன்னு தோணும். ஆபத்தே அங்கதான். எங்க ஊர்க்காரர் ஒருத்தர் அப்படி நிறுத்தினார். நோய் திரும்ப வந்தப்போ பழைய மாத்திரைக்குக் கேட்கலை. அவர் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவன் நான். ஆறு மாசமும் முழுசா சாப்பிடுங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

களப்பணி அக்கா

தம்பி சொன்னது அத்தனையும் சரி. 1950-களில் சேத்துப்பட்டுக்காரர்களே சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணியும், சிறுநீரைச் சோதித்தும், பலர் மருந்தை விட்டுவிடுவதைக் கண்டார்கள். மருந்தை ஒருவர் முன்னிலையில் விழுங்கவைக்கும் முறை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நான் வீடுவீடாகப் போகிறவள். நான் முதலில் பார்ப்பது அடுப்படியை. மெலிந்த உடம்பில்தான் இந்த நோய் விளையாடும். 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டிலிருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். நோயாளிக்கு மட்டுமல்லாமல் குடும்பத்துக்கே அரிசியும் பருப்பும் கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி கண்டுபிடித்தது போன்ற செய்தி இது! இங்கே நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவியை 2024-ல் 1,000 ஆக்கினார்கள். வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்க மறக்காதீர்கள்.

2022-லிருந்து தமிழ்நாட்டில் நோய் உறுதியானவுடனேயே எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால்வீக்கம், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறோம். மோசமாக இருப்பவரைக் காத்திருக்கவிடாமல் உடனே வார்டில் சேர்க்கிறோம். சாவில் பெரும்பங்கு முதல் சில வாரங்களில்தான்.

புதிய உறுப்பினர்

அக்கா, என் தங்கைக்குப் போன வாரம்தான் தெரிந்தது. கைக்குழந்தை இருக்கிறது. மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார், புட்டிப்பால் கொடுக்கிறார்கள். இவள் அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன செய்வது?

களப்பணி அக்கா

குழந்தையை நாளைக்கே கூட்டி வரச் சொல்லம்மா. தாய்ப்பால் வழியாக டிபி பரவாது, பால் கொடுக்கலாம். கொடுக்கும்போது தங்கை முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். வழக்கமான மாத்திரைகளோடு பால் கொடுக்கத் தடையில்லை, ஆனால் டாக்டரிடம் கைக்குழந்தை இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குழந்தையைப் பரிசோதித்து, நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து தருவார்கள். அந்த மாமியாரையும் சேர்த்துக் கூட்டிவா. அவருக்கும் பரிசோதனை வேண்டும், அவரிடம் நானே பேசுகிறேன்.