வாடகை 14,000, கெஸ்ட் கட்டியது 17,178, கைக்கு வந்தது 13,490: நடுவில் போனது எது?

ஏற்காட்டுவீடு கேட்டது:

ஏற்காட்டில் இரண்டு படுக்கையறை வீடு. வீடுகளை நாள் வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தில் இரவுக்கு ரூ. 6,500, கிளீனிங் ரூ. 1,000 என்று போட்டிருக்கிறேன். இரண்டு இரவுக்கு ஒரு புக்கிங். என் கணக்குப்படி 14,000. கெஸ்ட் கட்டியது 17,178. வங்கிக்கு வந்தது 13,490.40. ஹோஸ்ட்டுக்கு (வீடு விடுபவருக்கு) 3% பிடிப்பார்கள் என்றுதானே சொன்னார்கள்? மீதி எங்கே போகிறது?

இன்னொன்று. புக்கிங்.காமிலும் போடலாம் என்று பல தளங்களின் விலையையும் தேதியையும் ஒரே இடத்தில் நடத்தும் சேனல் மேனேஜர் மென்பொருள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை இணைத்தால் ஏர்பிஎன்பி கட்டணம் 15.5% ஆகிவிடுமாம். வாடகையை 14.8% ஏற்றினால் பழைய தொகையே கைக்கு வரும் என்று வெளிநாட்டு ஹோஸ்ட்டுகள் எழுதுகிறார்கள். நமக்கும் அது பொருந்துமா?

ஜிஎஸ்டி பதிவு இல்லை. பான் கொடுத்தாயிற்று. இந்த நிதியாண்டு வரவு 5 லட்சம் தாண்டிவிட்டது.

---

பைசாகணக்கு பதில்:

முதல் கேள்விக்கு வரிவரியாகப் போட்டுவிடுகிறேன். உங்கள் எண்கள் பைசா சுத்தமாக ஒத்துப்போகின்றன.

உங்கள் பக்கம்: 14,000-க்கு 3% என்றால் 420. அந்தக் கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி 75.60. டிடிஎஸ் (தளமே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) 0.1% என்றால் 14. மொத்தம் 509.60 கழிய, 13,490.40.

கெஸ்ட் பக்கம்: அவருக்குத் தனியாக ஒரு சேவைக் கட்டணம் உண்டு. பெரும்பாலும் 14.1 முதல் 16.5% வரை இருக்கும். இந்த புக்கிங்குக்கு 15% போட்டிருக்கிறார்கள்: 2,100. அதற்கு ஜிஎஸ்டி 378. வீட்டு வாடகைக்கான ஜிஎஸ்டி 5%: 700. எல்லாம் சேர்த்து 17,178.

இடைவெளி 3,687.60. இதில் தளம் எடுத்தது 2,520, வரியாகப் போனது 1,167.60. "3%" என்பது பொய் இல்லை, பாதிக் கதை. தளத்தின் பங்கு 18%. அதில் ஆறில் ஒரு பங்குதான் உங்கள் பேரில் எழுதப்படுகிறது.

சதவீதம் எதன் மேல் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரவு வாடகை மட்டுமல்ல. கிளீனிங், கூடுதல் ஆள் கட்டணம் எல்லாம் சேர்ந்த தொகை மேல், வரிக்கு முன். வாராந்திரத் தள்ளுபடி மாதிரி ஏதாவது கொடுத்திருந்தால் அதைக் கழித்த பிறகு. உங்கள் 1,000 ரூபாய் கிளீனிங்குக்குக் கெஸ்ட் உண்மையில் 1,227 கட்டுகிறார், உங்களுக்கு வருவது டிடிஎஸ்ஸுக்கு முன் 964 சொச்சம். துணி வெளுப்பவருக்கும் பெருக்குபவருக்கும் முழுசாக 1,000 கொடுக்கிறீர்கள் என்றால் கிளீனிங்கை 1,040 என்று வைக்க வேண்டும்.

---

சேலம்_ஆடிட் பதில்:

மேலே உள்ள கணக்கு சரி. வரிப் பக்கம் சில விஷயங்கள்.

அந்த 700 உங்கள் பொறுப்பு அல்ல. பதிவு இல்லாத ஹோஸ்ட்டுக்கு, ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவுப்படி, தளமே வசூலித்துக் கட்டிவிடும். விகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் மாறியது: ஓர் இரவுக்கு 7,500 வரை 5%, அதைத் தாண்டினால் 18%. முன்பு 7,500 வரை 12% இருந்தது.

டிடிஎஸ் 2024 அக்டோபரில் 1 சதவீதத்திலிருந்து 0.1% ஆனது. தனிநபருக்கு ஆண்டு வரவு 5 லட்சம் வரை, பான் கொடுத்திருந்தால், பிடித்தமே இல்லை. பான் கொடுக்காவிட்டால் 5%.

வருமான வரித் தாக்கலில் அதிகம் பேர் செய்யும் தவறு: வங்கிக்கு வந்த 13,490-ஐ வரவாகக் காட்டுவது. தளம் அரசுக்குத் தெரிவிப்பது 14,000. உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அதுதான் வரும். 14,000-ஐ வரவில் காட்டி, 495.60-ஐச் செலவில் எழுதி, 14-ஐக் கட்டிய வரியாகக் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் ஒத்துப்போகவில்லை என்று நோட்டீஸ் வரலாம்.

ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்சம் வரம்பும் இந்த 14,000 கணக்கில்தான் எண்ணப்படும், கைக்கு வந்த கணக்கில் அல்ல.

---

மலைச்சாவி பதில்:

இரண்டாவது கேள்விதான் பெரியது. 14.8% உங்களுக்குப் பொருந்தாது. ஏற்றினால் நஷ்டம்.

மென்பொருள் வழியாக இணைந்த ஹோஸ்ட்டுகளுக்கு 2025 அக்டோபர் 27 முதல் ஒற்றைக் கட்டணம்: கெஸ்ட்டிடம் எதுவும் இல்லை, முழு 15.5% உங்களிடம். பழைய வரவு அப்படியே வர வேண்டுமானால் 0.97-ஐ 0.845-ஆல் வகுக்க வேண்டும். 1.148 வரும். வெளிநாட்டுக்காரர் சொல்லும் 14.8% இதுதான். (15.5-இல் 3 போனால் 12.5, அதை ஏற்றினால் போதும் என்று சிலர் போடுவது அதைவிட மோசம். கட்டணம் ஏற்றிய விலை மேல்தான் பிடிக்கப்படும்.)

நமக்கு அந்தக் கட்டணத்துக்கும் 18% ஜிஎஸ்டி. பதிவு இல்லாதவரால் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே 3% என்பது 3.54, 15.5% என்பது 18.29. 0.9646-ஐ 0.8171-ஆல் வகுத்தால் 1.1805. ஏற்ற வேண்டியது 18.05%. வெறும் 14.8% ஏற்றினால் உங்கள் புக்கிங் ஒன்றுக்கு 372 ரூபாய் குறையும்.

ஆனால் 18.05% ஏற்றினால் வேறு ஒரு பள்ளம் இருக்கிறது. 14,000 என்பது 16,527 ஆகும். இரவுக்கு 8,264. சேலம்_ஆடிட் சொன்ன 7,500 வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். வாடகை மேல் வரி 5% போய் 18%: அதுவே 2,975. கெஸ்ட் கட்டுவது 19,502.

உங்களுக்குக் கிடைப்பது அதே 13,504 (டிடிஎஸ்ஸுக்கு முன்). கெஸ்ட்டுக்கு 2,324 ரூபாய் கூடுதல். அதில் பெரும்பங்கு வரி. பழைய முறையில் கெஸ்ட்டின் சேவைக் கட்டணம் வாடகைக்கு வெளியே நின்றது, அதனால் வரம்பைத் தொடவில்லை. ஒற்றைக் கட்டணத்தில் அது வாடகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இப்போது இரவுக்குக் கிளீனிங் சேர்த்து 6,353-க்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏற்றினாலும் 7,500-க்குள் அடங்கும். 6,353-க்கும் 7,500-க்கும் நடுவில் இருப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். நீங்கள் 7,000-இல் இருக்கிறீர்கள்.

---

ஏற்காட்டுவீடு:

கிளீனிங்கையும் சேர்த்தா வரம்பைப் பார்ப்பார்கள்? நான் 6,500 என்றே நினைத்திருந்தேன். அப்படியென்றால் ஒரே இரவு புக்கிங்குக்கு 7,500 ஆகிறதே?

---

சேலம்_ஆடிட்:

ஆமாம். கட்டாயமாக வாங்கும் எந்தத் தொகையும் வாடகையின் மதிப்பில் சேரும். ஒரே இரவு என்றால் சரியாக 7,500, அதுவரை 5%தான். ஆனால் கூடுதல் ஆளுக்கு 500 போட்டிருந்தால் அந்த புக்கிங் 8,000 ஆகி 18% பக்கம் போய்விடும். 7,500-க்கு வரி 375. 7,600-க்கு வரி 1,368. நூறு ரூபாய் ஆசைக்குக் கெஸ்ட் தலையில் ஆயிரத்துச் சொச்சம். இந்த விளிம்பில் விலை வைப்பதைப் போன்ற வீண் வேலை இல்லை. ஒரே இரவு புக்கிங்குக்குக் கிளீனிங்கை 800 ஆக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: விலையை ஏற்றினால் 20 லட்சம் வரம்பும் சீக்கிரம் வரும். புக்கிங் 14,000 என்றால் 143-ஆவது புக்கிங்கில் தாண்டும். 16,527 என்றால் 122-ஆவதிலேயே. பதிவு செய்த பிறகும் 5% அடுக்கில் இருப்பவருக்கு உள்ளீட்டு வரி வரவு (தான் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) கிடையாது, கட்டணத்தின் மேல் உள்ள 18% செலவாகவே போகும். 18% அடுக்கில் இருக்கும் பதிவுள்ளவருக்கு அது திரும்பக் கிடைக்கும். அவருக்கு மட்டும் அந்த 14.8% கணக்கு சரி.

---

மலைச்சாவி:

உங்கள் நிலைமையில் மூன்று வழி.

மென்பொருளே வேண்டாம், ஐகால் இணைப்பு மட்டும் போதும். இரண்டு தளத்தின் நாள்காட்டியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், 3% முறை மாறாது. குறை: தேதி மட்டும்தான் போகும், விலை போகாது. அதுவும் உடனே போகாது, சில மணி நேரம் ஆகலாம். அந்த இடைவெளியில் இரண்டு தளத்திலும் ஒரே நாள் விற்றுப்போக வாய்ப்பு உண்டு. அதே நாள் புக்கிங்கை ஒரு தளத்தில் நிறுத்திவிட்டால் ஆபத்து பெரும்பாலும் குறையும். ஒரே ஒரு வீடு என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, மென்பொருளை இணைத்து எல்லாம் சேர்த்து இரவுக்கு 7,500-க்குள் நிறுத்துவது. இரண்டு இரவுக்கு 15,000. கைக்கு 12,256, இப்போதையதைவிட 1,248 குறைவு. கெஸ்ட்டுக்கு 15,750, இப்போதையதைவிட 1,428 குறைவு. வார நாளில் வீடு காலியாகக் கிடக்கிறது என்றால் இந்த விலை கூடுதல் புக்கிங் இழுக்கும், மாதக் கணக்கில் ஈடாகலாம். சனி ஞாயிறு எப்படியும் நிறைகிறது என்றால் இது வெறும் நஷ்டம்.

மூன்றாவது, முழுசாக 8,264-க்குப் போவது. மே மாத சீசனில் மட்டும் யோசிக்கலாம்.

---

பைசாகணக்கு:

புக்கிங்.காம் போடுவதற்கு முன் ஒன்று. அங்கே கெஸ்ட்டுக்குத் தனிக் கட்டணம் என்பதே கிடையாது. எப்போதும் ஹோஸ்ட்டிடம்தான், வழக்கமாக 15% சுற்றி, அதன் மேல் ஜிஎஸ்டி. பணத்தைத் தளம் வழியாக வாங்கினால் அதற்கும் சிறு கட்டணம். அதைச் சேர்க்காமலே 17.7% போகும். அதே 13,504 வேண்டுமானால் 16,409 வைக்க வேண்டும், இரவுக்கு 8,204. மென்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தளத்தில் நீங்கள் 7,500-ஐத் தாண்டித்தான் ஆக வேண்டும், இல்லையேல் வரவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தளத்தின் வாடிக்கையாளர்களுக்கான ஜீனியஸ் தள்ளுபடி 10% வேறு சேர்ந்தால் அதுவும் உங்கள் பங்கிலிருந்துதான்.

அங்கே கமிஷன் பில் பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும். வராத கெஸ்ட்டை "நோ-ஷோ" என்று செக்-அவுட்டுக்குப் பிறகு 48 மணி நேரத்துக்குள் குறிக்கவில்லை என்றால், வராதவருக்கும் சேர்த்துக் கமிஷன் போட்டுவிடுவார்கள்.

---

ஏற்காட்டுவீடு:

ஐகால் போதும் என்று முடிவு. புக்கிங்.காமில் சனி ஞாயிறு மட்டும் திறந்து 8,204 வைக்கிறேன். கடைசியாக ஒன்று: ஏர்பிஎன்பியில் கெஸ்ட் ரத்து செய்தால் இந்தக் கட்டணங்கள் என்ன ஆகும்?

---

பைசாகணக்கு:

செக்-இன்னுக்கு முன் ரத்து என்றால் கிளீனிங் 1,000 முழுசாகக் கெஸ்ட்டுக்குத் திரும்பும், நீங்கள் எந்த விதி வைத்திருந்தாலும். வாடகை உங்கள் ரத்து விதிப்படி. முழுப் பணம் திரும்பும் காலத்துக்குள் ரத்து செய்தால் பொதுவாக அவருடைய சேவைக் கட்டணமும் திரும்பும், அதற்குப் பிறகு என்றால் பெரும்பாலும் திரும்பாது. பாதி வாடகை உங்களுக்கு நின்றால் அந்தப் பாதி மேல்தான் 3.54% பிடிப்பு.

நீங்களே ரத்து செய்தால் கெஸ்ட்டுக்கு எல்லாம் திரும்பும், உங்களுக்கு அபராதம்: 30 நாளுக்கு மேல் இருந்தால் 10%, 48 மணி நேரத்துக்குள் என்றால் 50%, நடுவில் 25%. ஐகால் தாமதத்தில் இரட்டை புக்கிங் விழுந்தால் இதுதான் விலை. எனவே புக்கிங்.காமில் ஒரு புக்கிங் வந்ததும் ஏர்பிஎன்பி நாள்காட்டியைக் கையாலேயே மூடிவிடுங்கள், தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.