முழங்காலுக்கு இறங்கிய தொடைக்கவசம்: இடைக்காலக் கவசம், உடை, சாமான் செய்து போட்டவர்கள் அனுபவம்

துருப்பிடித்தவன்:

பழங்காலப் போர்களை வேடம் போட்டு நடித்துக் காட்டுவது எங்கள் பொழுதுபோக்கு. பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்வீரன் வேடத்துக்காக நான் முதலில் வாங்கியது கால்கவசம். தொடைத் தகடு, முழங்கால் கிண்ணம், கெண்டைக்கால் குழல் மூன்றும் சேர்ந்த ஜோடி. கண்ணாடி முன்னால் நின்றபோது கம்பீரமாகத்தான் இருந்தது. தோல் பெல்ட்டில் இரண்டு வார் வைத்து மாட்டியிருந்தேன். களத்தில் இறங்கி அரை மணி நேரம் ஆகவில்லை, பெல்ட் நழுவ ஆரம்பித்தது. இறுக்கினால் வயிறு வலித்தது. தளர்த்தினால் முழங்கால் கிண்ணம் முழங்காலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. ஓட வேண்டிய இடத்தில் வாத்து நடை. பொத்தான் அறுந்த டிரவுசரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடும் பள்ளிக்கூடப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள், அவனுடைய இன்னொரு கையில் ஒரு வாளையும் கொடுத்துவிடுங்கள். அதுதான் நான்.

எதிரணியில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் இருந்தார். அன்று மட்டும் என்னை மூன்று தடவை 'கொன்றவர்'. மாலையில் அவராகவே எங்கள் கூடாரத்துக்கு வந்தார். பேச்சு எதுவும் இல்லை, மார்புத் தகட்டைக் கழற்றி உள்ளே போட்டிருந்ததைக் காட்டினார். இடுப்பைக் கச்சிதமாகப் பிடிக்கும் தடித்த துணிச்சட்டை. கீழ்விளிம்பைச் சுற்றி ஜோடி ஜோடியாகத் துளைகள். கால்கவசம் அந்தத் துளைகளில் கயிற்றால் கட்டியிருந்தது. பெல்ட்டே கிடையாது. சட்டை இடுப்பெலும்புக்கு மேல் இறுகி நிற்பதால் எடை ஒரே இடத்தில் தொங்காமல் சுற்றிலும் பரவி உட்காருகிறது. "நீ கவசத்தை வாங்கிவிட்டுச் சட்டை தேடுகிறாய். நான் சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டுதான் கவசத்துக்கே அளவு கொடுத்தேன்" என்றார்.

இது அவர் கண்டுபிடிப்பும் இல்லை. நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் படி ஒன்று இருக்கிறது. தரையில் நின்று சண்டை போடப்போகிறவனுக்கு எப்படிக் கவசம் பூட்டுவது என்று அதில் ஒரு பகுதி. உள்ளே சாதாரணச் சட்டை போடாதே, சாட்டின் துணி உள்வைத்துத் தைத்து நிறையத் துளை விட்ட ஃபஸ்டியன் (தடித்த முரட்டுத் துணி) சட்டை போடு என்று தொடங்குகிறது. முழங்காலில் கவசம் உராயாமல் இருக்க மெல்லிய கம்பளித் துண்டு சுற்றச் சொல்கிறது. பிறகு பாதத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் பூட்டச் சொல்கிறது. எனக்குப் பிடித்த வரி கயிற்றைப் பற்றியது. குறுக்குவில்லுக்கு நாண் திரிக்கும் நயமான நூலில் கயிறு செய்து, செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் மெழுகைத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் நீளவும் செய்யாது, அறவும் செய்யாது என்கிறது.

நான் நைலான் ஷூ லேஸ் போட்டு அதையும் சோதித்துப் பார்த்தவன். இரண்டாவது சண்டையில் முடிச்சு தானாக அவிழ்ந்தது. அடுத்த மாதம் லினன் நூலைத் திரித்து, தேன்மெழுகும் பிசினும் கலந்து உருக்கித் தேய்த்தேன். கை முழுக்கப் பிசுபிசுப்பு, இரண்டு நாளைக்கு எதைத் தொட்டாலும் ஒட்டியது. ஆனால் அந்த முடிச்சு சாயங்காலம் நான் அவிழ்க்கும்வரை அப்படியே இருந்தது.

கால் எடை ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்கும் பதில் உண்டு. லீட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் முழுக்கவசம் போட்டவர்களை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கவசம் இல்லாமல் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவானது. அதே எடையை முதுகில் சுமந்தால் இவ்வளவு ஆகாது. காலில் இருக்கும் எடையை ஒவ்வொரு அடிக்கும் வீசித் தூக்க வேண்டியிருக்கிறதே. மார்புத் தகடு வேறு மூச்சை ஆழமாக இழுக்க விடாது.

சரி, என் மானம் போன கதை இது. உங்களுக்கு எந்தச் சாமான் முதலில் பாடம் எடுத்தது?

வளையக்கணக்கு:

எனக்கு இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யும் வளையச் சட்டை. முதலில் செய்தது வளையத்தின் இரு முனையையும் குறடால் சும்மா ஒட்டவைத்த ரகம். பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஒரு நாள் பயிற்சி முடிந்து திரும்பிப் பார்த்தால் புல்லில் நான் போன வழியெல்லாம் வளையம் சிந்திக் கிடந்தது. அக்குளில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஐரோப்பிய இடைக்கால வளையச் சட்டைகளில் ரிவெட் (முனைகளை இணைக்கும் சின்ன ஆணி) அடித்த வளையங்கள்தான், அல்லது ஒரு வரிசை ரிவெட் வளையம், ஒரு வரிசை வெட்டே இல்லாத முழு வளையம் என்று மாற்றி மாற்றிக் கோத்தது. முனைகளை ஒட்டி மட்டும் விடுவது நம் காலத்துச் சோம்பல்.



அப்புறம் ரிவெட் வளையம் செய்ய உட்கார்ந்தேன். கம்பியைக் கோலில் சுற்றி, சுருளை நறுக்கி, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வளையத்தைச் சுருக்க வேண்டும். பிறகு பழுக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட வேண்டும். இந்தப் படியை நான் முதலில் தாண்டிப் போய்விட்டேன். இழுத்துச் செய்த கம்பி ஏற்கெனவே விறைத்துப் போயிருக்கும், சுத்தியல் பட்டதும் ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டது. ஒரு டப்பா வளையம் குப்பைக்குப் போனது. ஆறவிட்ட வளையத்தை ஓங்கித் தட்டினால் முனைகள் சேரும் இடம் வெற்றிலை நுனி மாதிரி தட்டையாகும். அங்கே டிரில் போடாமல் கூர் உளியால் குத்த வேண்டும். குத்தும்போது உலோகம் வெட்டுப்படாமல் விலகிக்கொள்கிறது, அதனால் துளையைச் சுற்றி வலு குறைவதில்லை. அதில் ஆப்பு வடிவச் சின்ன ரிவெட்டைச் செருகி, குழி வைத்த குறடால் அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் சரி. கேட்காவிட்டால் ரிவெட் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒவ்வொரு வளையமும் நான்கு வளையத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு சட்டைக்கு இருபதாயிரத்துக்கு மேல் போகும். எனக்கு ஒரு மாலையில் நூறு வந்தால் பெரிய விஷயம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தலையையும் கழுத்தையும் மூடும் குல்லாயோடு நிறுத்திக்கொண்டேன். சட்டையைக் காசு கொடுத்து வாங்கினேன், வெட்கமே இல்லை. அந்தக் காலத்திலும் கம்பி இழுத்தவன் ஒருவன், கோத்தவன் ஒருவன், போட்டவன் இன்னொருவன்.

துருவுக்கு ஒரு வழி: மூடியுள்ள டப்பாவில் மணலோடு வளையச் சட்டையைப் போட்டு உருட்டுங்கள். பழைய முறைதான், நன்றாக வேலை செய்கிறது. என்ன, அக்கம்பக்கத்தார் தூங்கும் நேரம் வேண்டாம்.

ஊசிநூல்:

அண்ணே, கவசக்காரர்கள் எல்லாரும் கடைசியில் எங்களிடம்தான் வருகிறீர்கள், அதுவும் களத்துக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது!

நான் செய்த முதல் தப்பு, கவசத்துக்கு உள்ளே போடும் அடைப்புச் சட்டைக்குள் பாலியெஸ்டர் பஞ்சு வைத்தது. போட்டுக்கொண்டவர் வெயிலில் கால் மணி நேரத்தில் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். தலையில் தண்ணீர் ஊற்றித் தேற்றினோம். அதன்பிறகு பஞ்சை விட்டுவிட்டு லினன் அடுக்குகளுக்கு வந்தேன். பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி காலத்து ஆணை ஒன்றில் வீரர்களின் அடுக்குச் சட்டைக்கு 25 அல்லது 30 மடிப்புத் துணியும் ஒரு மான்தோலும் வேண்டும், கொஞ்சம் பழகிய துணியே நல்லது என்று இருக்கிறது. நம்பாமல் பழைய விரிப்புகளைக் கிழித்துத் தைத்துப் பார்த்தேன். புதுத் துணி அட்டைப்பெட்டி மாதிரி நிற்கிறது, பழைய துணி உடம்போடு வளைகிறது. எட்டு அடுக்குக்கு மேல் என் ஊசி இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறங்கின இடங்களில் விரலும் சேர்ந்து தைபட்டது.

இரண்டாவது பாடம் கைக்குழி. இன்றைய சட்டை மாதிரி தோள் முனையில் கையை இணைத்தால், கையைத் தூக்கும்போது சட்டை முழுக்க மேலே ஏறும். அதோடு கட்டியிருக்கும் கால்கவசமும் ஏறும். லியோன் துணி அருங்காட்சியகத்தில் 1364-ல் போரில் இறந்த சார்ல் த ப்ளுவாவின் சட்டை என்று சொல்லப்படுகிற ஒன்று இருக்கிறது. அதில் கைக்குழி மார்பிலும் முதுகிலும் பெரிய வட்டமாக உள்ளே வரை வெட்டியிருக்கும். அந்த வெட்டைப் பார்த்துத் தைத்தேன். மூன்று தடவை பிரித்துப் பிரித்துத் தைத்த பிறகு சரியாக வந்தது. இப்போது யாருக்குத் தைத்தாலும் ஒரே சோதனைதான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்வேன். கீழ்விளிம்பு இரண்டு விரல் ஏறினாலும் பிரித்துவிடுவேன்.

இடுப்பு வரை வரும் காலுறை விஷயமும் உண்டு. கம்பளித் துணியைக் குறுக்குச் சாய்வில் வெட்டினால்தான் காலோடு ஒட்டி இழுபடும். என் தோழி ஒருத்தி நேர்வாக்கில் வெட்டி, இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு விறகு எடுக்கக் குனிந்தாள். பின்பக்கத் தையல் மேலிருந்து கீழ்வரை போய்விட்டது. பழைய ஓவியங்களில் வேலை செய்கிறவர்கள் காலுறையின் பின்பக்கக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரிவார்கள். அதை நான் ஓவியனின் குறும்பு என்று நினைத்திருந்தேன். குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது.

பத்தடி தூரம்:

அந்தக் காலத்துத் தையல்தானா என்று எல்லாரும் தையலை எண்ண ஆரம்பித்துவிட்டால் புதிதாக யார் வருவார்கள்? உள்பக்கம் மெஷின் தையல், வெளியே தெரிகிற இடத்தில் கைத்தையல். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எங்கள் குழு இப்படித்தான் ஓடுகிறது. யாரும் கைது செய்யவில்லை.

உலைப்பக்கம்:

நான் செய்வது தகட்டுக் கவசம்தான், ஆனால் என் கதை ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்குகிறது. 1361 ஜூலையில் காட்லாந்து தீவின் விஸ்பி நகரச் சுவருக்கு வெளியே டென்மார்க் மன்னர் வால்டமாரின் படைக்கும் தீவு விவசாயிகளுக்கும் நடந்த சண்டை. இறந்தவர்களைப் பெருங்குழிகளில் போட்டுப் புதைத்தார்கள், பலரைக் கவசத்தோடேயே. கோடைக்காலம் என்பதால் கழற்ற நேரமில்லை என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் எலும்புகளோடு தகட்டுச் சட்டைகளும் கிடைத்தன. தோலோ துணியோ மக்கிப்போய், உள்ளே ரிவெட் அடித்திருந்த தகடுகள் மட்டும் மிச்சம்.

அதுவரை நான் பளபளக்கிற கவசம்தான் செய்வேன், 'அந்த வருடத்துப் புது மாடல்' என்ற வெறி வேறு. அங்கே போய் நின்றபோதுதான் உறைத்தது. பல கவசங்கள் 1361-லேயே பழைய மோஸ்தர். வீட்டில் இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். பல எலும்புகளில் வெட்டுக்காயம் முழங்காலுக்குக் கீழே. மார்புக்குத் தகடு, கீழே ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கெண்டைக்கால் எலும்பு, குறுக்கே கோடு. ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

திரும்பி வந்ததும் ஒரு தகட்டுச் சட்டை செய்தேன். பாலிஷ் போடவில்லை, சுத்தியல் தழும்பை அப்படியே விட்டேன். வெளியே தோல், உள்ளே தகடு, வெளியிலிருந்து பார்த்தால் ரிவெட் தலை மட்டும் வரிசையாகத் தெரியும். இதில் தகட்டைவிடத் தோல்தான் தொல்லை. தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவு ஒரு விரல்கடை மாறினாலும் குனிய முடியாது. அட்டையில் வெட்டி, போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்த்த பிறகே இரும்பைத் தொடுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் கேட்கும் நிரந்தரக் கேள்வி ஒன்று உண்டு: "உங்களைக் கிரேனில் தூக்கித்தானே குதிரை மேல் வைப்பார்கள்?" முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது பூசிகோ கதையைச் சொல்கிறேன். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பிரெஞ்சுத் தளபதி. தலைக்கவசத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் போட்டபடி குட்டிக்கரணம் அடிப்பார், ஏணியின் அடிப்பக்கமாகக் கையால் மட்டும் தொங்கி ஏறுவார் என்று அவர் காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கேட்டவர் உடனே "நீங்கள் அடித்துக் காட்டுங்கள்" என்றார். முழங்கால் வலி என்று சமாளித்தேன்.

மரக்கிண்ணம்:

சண்டை போடாத ஆள் நான். கூடாரத்தில் சோறு பொங்கும் கூட்டம். கடைசல் மரக்கிண்ணம், கொம்புக் கரண்டி, இடுப்பில் ஒரு கத்தி, இவ்வளவுதான் என் சொத்து.

எனக்குப் பாடம் எடுத்தது செருப்பு. உள்ளே வெளியாக வைத்துத் தைத்து, நனைத்து, அப்படியே புரட்டி எடுக்கும் தோல் காலணி. புரட்டும் நேரம் இருக்கிறதே, கன்றுக்குட்டியை வாய்க்காலிலிருந்து இழுப்பது மாதிரி. ஒரு தையல் 'படக்' என்றால் அன்றைய வேலை போச்சு. எப்படியோ முடித்துப் போட்டுக்கொண்டு போனால், பனி படிந்த புல்லில் முதல் அடியிலேயே வழுக்கி, கையிலிருந்த கூழ்ப்பானையோடு உட்கார்ந்தேன். அடியில் ரப்பர் ஒட்டிக்கொள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒட்டவில்லை. ஒரு வாரம் அதோடு நடந்தபோது நடையே மாறிவிட்டது. குதிகாலை ஓங்கி ஊன்றாமல் முன்பாதத்தை மெதுவாக வைத்து நடக்கிறேன். இப்போது சாதாரணச் செருப்பிலும் அப்படித்தான்.

சாயம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவப்புச் சாயம் தரும் மேடர் வேர் நம் மஞ்சிட்டிக்கு நெருங்கிய சொந்தம். படிகாரத்தில் ஊறவைத்த கம்பளியை அதில் போட்டுக் கொதிக்கவிட்டால் சிவப்பு போய்ப் பழுப்பு வந்துவிடும். விரல் வைத்தால் சுடும், ஆனால் கொதிக்காது என்கிற பதத்திலேயே வைத்திருங்கள். நான் பேசிக்கொண்டே கொதிக்கவிட்ட துணியைத்தான் இன்றைக்கும் தலைமுக்காடாகப் போட்டிருக்கிறேன்.

துருப்பிடித்தவன்:

கெண்டைக்கால் எலும்புக் கதையைப் படித்துவிட்டு என் கால்கவசத்தை எடுத்துத் துடைத்தேன். நரைத்த தாடிக்காரர் சொன்ன சட்டையை இப்போதுதான் நானே தைக்கிறேன். வலது பக்கத் துளைகள் முடிந்தன, இடது பக்கம் ஆறு ஜோடி பாக்கி. ஊசிநூல், ஒரு சந்தேகம். கயிறு இழுத்த இழுப்பில் முதல் துளையே பிய்ந்து வருகிறது. பித்தளை வளையம் அடித்துவிடவா?

ஊசிநூல்:

வேண்டாம். கத்தரியால்தானே துளை வெட்டினீர்கள்? அதுதான் பிய்கிறது. துணியை வெட்டவே கூடாது. கூரான கோணூசியைக் குத்தி, மெதுவாகத் திருகி, இழைகளை விலக்குங்கள். விலகிய இழை அறாமல் துளையைச் சுற்றி நிற்கும். ஊசியை எடுக்காமல் வைத்துக்கொண்டே லினன் நூலால் சுற்றிலும் நெருக்கமாகத் தையுங்கள், பிறகு எடுங்கள். வெட்டின துளைக்கு உள்பக்கம் ஒரு ஒட்டுத் துண்டு வைத்து, பக்கத்தில் புதிதாகப் போடுங்கள். அந்தக் கயிற்றுக்கு மெழுகு தேய்த்தீர்களா?