ராலிஸை முதன்முதலில் கேட்ட அனுபவம்: இன்னும் உறுத்திக்கொண்டிருப்பதை எழுதுங்கள்

நிலாமுற்றம்

இந்த இழைக்கு வருபவர்களுக்கு லே ராலிஸ் டெனூடே (சுருக்கமாக ராலிஸ்) என்ற ஜப்பானிய ராக் இசைக்குழுவை அறிமுகம் செய்யத் தேவையில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். '77 லைவ்' பதிவில் உள்ள 'நைட் ஆஃப் தி அசாசின்ஸ்' பாடலைத்தான் நான் முதலில் கேட்டேன். பேஸ் கிதார் ஒரே சுரச் சுற்றைப் பத்து நிமிடத்துக்கும் மேலாக மாற்றமின்றி வாசித்துக்கொண்டிருக்க, அதன் மேல் குழுவின் பாடகரும் கிதார் கலைஞருமான மிசுதானி தகாஷியின் கிதார் ஃபீட்பேக்காகவே (ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் கிதாருக்குள் புகுந்து எழும் இரைச்சலாகவே) சீறிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்தச் சுற்றை நான் பல ஆண்டுகளாக அச்சமூட்டும் ஒன்றாகவே மனத்தில் வைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் மாலை, பழைய புத்தகக் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தபோது வானொலியில் லிட்டில் பெக்கி மார்ச் பாடிய 'ஐ வில் ஃபாலோ ஹிம்' ஒலித்தது. அதே சுற்று. கையில் எடுத்த புத்தகத்தைப் புரட்டவும் இல்லை, அலமாரியில் திரும்ப வைக்கவும் இல்லை. பாடல் முடியும்வரை அப்படியே நின்றேன். 1963இல் அந்தப் பாடல் அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தபோது பாடிய பெண்ணுக்கு வயது 15. மிசுதானியும் ஏறக்குறைய அதே வயதினர். பள்ளிப் பருவத்தில் அவர் இந்தப் பாடலை எங்கே, எந்த மனநிலையில் கேட்டிருப்பார், அதை ஏன் இத்தனை ஆண்டுகள் சுமந்துவந்து இப்படிப்பட்ட இரைச்சலுக்கு அடியில் வைத்தார் என்ற கேள்வி என்னை இன்றும் விடவில்லை. உங்களில் யாருக்காவது இதே அனுபவம் உண்டா?

கடைசிப்பெட்டி

நான் ஒரு செய்தியின் வால் பிடித்து ராலிஸிடம் வந்து சேர்ந்தவன். 1970 மார்ச் 31 அன்று டோக்கியோவின் ஹனேதாவிலிருந்து ஃபுகுவோகா புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தைச் செம்படைப் பிரிவு என்ற ஜப்பானியத் தீவிர இடதுசாரி அமைப்பைச் சேர்ந்த ஒன்பது பேர் கடத்தி, சியோல் வழியாகப் பியோங்யாங் கொண்டுபோனார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவரான வகாபயாஷி மொரியாகி, ராலிஸின் தொடக்ககால பேஸ் கலைஞர் என்று எங்கோ படித்தேன். இப்படி ஒரு வரலாறு உள்ள குழுவின் இசை எப்படி இருக்கும் என்று நானே ஒரு கற்பனையை வளர்த்துக்கொண்டேன்.

1991இல் வெளியான மூன்று குறுந்தகடுகளில் எனக்கு முதலில் கிடைத்தது 'மிசுதானி'. பெருத்த சத்தம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில், உடனே குறைத்துவிடலாம் என்று ஆம்ப்ளிஃபையரின் குமிழ் மேல் விரலை வைத்தபடியே அதை ஓடவிட்டேன். வந்தது ஓர் அக்கூஸ்டிக் கிதாரும், யாரிடமோ தனியாகப் பேசுவது போன்ற தளர்ந்த குரலும். குமிழைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டினேன். அப்போதும் அந்தக் குரல் தொலைவிலேயே இருந்தது. இவ்வளவு மெதுவாகப் பாடத் தெரிந்த ஒருவர், சில ஆண்டுகளில் தம் குரலையே எதிரொலிக்குள் மூழ்கடித்துவிடும் அளவுக்கு ஏன் போனார்? அந்த இடைப்பட்ட காலத்தைத்தான் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

வடகரை

கடைசிப்பெட்டி நண்பரே, உங்கள் அனுபவத்தின் பின்பாதி அருமையானது. முன்பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. ராலிஸைப் பற்றி வெளிநாடுகளில் எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை விமானக் கடத்தலில்தான் தொடங்குகின்றன. 1967இல் கியோத்தோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய குழு அது. கடத்தல் நடந்தபோது வகாபயாஷி அதில் இல்லை. அதன் பிறகு 1996வரை மேடையேறிய குழுவின் இசையை, எப்போதோ விலகிப்போன ஒருவரின் செயலை வைத்துக் கேட்கத் தொடங்குவது மிசுதானிக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். கடத்தலைப் பற்றி ஒன்றுமே அறியாமல் 'எண்டர் தி மிரர்' பாடலைக் கேட்டவர்களுக்கு அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை.

என்னை உறுத்துவது 2021 அக்டோபர் மாதத்து நாள் ஒன்று. மதிய உணவு இடைவேளையில் கைப்பேசியில் ராலிஸின் பெயரில் புதிதாக ஓர் அதிகாரபூர்வ வலைத்தளம் வந்திருப்பதைப் பார்த்தேன். குழுவின் பெயரில் முறையான தளம் என்ற ஒன்றையே அதுவரை கண்டதில்லை என்பதால், பழைய பதிவுகள் வெளிவரப்போகின்றன என்ற மகிழ்ச்சியில்தான் திறந்தேன். மிசுதானி 2019 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார் என்ற அறிவிப்பு அதில் இருந்தது.

இறப்புச் செய்தியைவிட அந்தத் தேதிதான் என்னை உலுக்கியது. இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில், அவர் எங்கே வாழ்கிறார், மீண்டும் மேடையேறுவாரா என்று நானும் என்னைப் போன்றவர்களும் இரவிரவாக எழுதிக்கொண்டிருந்தோம். 1993இல் கவாசாகியின் கிளப் சிட்டா அரங்கில் நீண்ட இடைவெளிக்குப் பின் தோன்றியவர்தானே, இன்னொரு முறையும் அப்படித் தோன்றக்கூடும் என்று நான் வாதாடிய பதிவுகள் இன்றும் இணையத்தில் அப்படியே இருக்கின்றன. அவற்றை அழிக்க எனக்கு மனம் வரவில்லை, படிக்கவும் முடியவில்லை.

டேப்சேகரம்

எனக்கும் ராலிஸுக்குமான கதை சிறியது. நண்பரின் அறையில், நகலுக்கு நகல் எடுத்துத் தேய்ந்த ஒரு கேசட்டில் 'ஹெவியர் தான் எ டெத் இன் தி ஃபேமிலி' என்ற பூட்லெக்கை (அனுமதியின்றி வெளியிடப்பட்ட பதிவை) கேட்டேன். டேப்பின் சீறல் எது, கிதாரின் சீறல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. அந்த மயக்கமே எனக்கு ராலிஸ். பழைய பதிவுகளின் ஒலியைச் செப்பனிட்டு இப்போது வெளிவரும் ரீமாஸ்டர்கள் அந்த மயக்கத்தைத் துடைத்தெடுத்துவிட்டன என்பது என் உறுதியான கருத்து.

புதிதாக வருபவர்கள் வாங்கும் விஷயத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1991இல் வெளியான மூன்று குறுந்தகடுகளும் குறைந்த எண்ணிக்கையில்தான் அச்சிடப்பட்டன. ஆகவே மலிவாகக் கிடைத்தால் முதலில் சந்தேகப்படுங்கள். அசல் என்று சொல்லி எனக்கு ஒருவர் விற்றது வீட்டில் எரித்த வட்டு, அதாவது கணினியில் நகலெடுத்த குறுந்தகடு. அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், தொழிற்சாலையில் அச்சிட்ட தட்டு வெள்ளியாக மின்னும். எரித்த வட்டில் பச்சை அல்லது நீலச் சாயை தெரியும். விற்பவரிடம் அட்டைப் படத்தை மட்டும் கேட்காமல் அடிப்பக்கத்தின் படத்தையும், உள்வட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். முதுகில் சுற்றியிருக்கும் ஓபி என்ற காகிதப் பட்டை இருந்தால் விலை ஏறும்; இசையைக் கேட்பதற்காக வாங்குபவர்கள் அது இல்லாத பிரதியைத் தேடுவதே நல்லது.

ஜப்பானில் உள்ள விற்பனையாளர்களில் பலர் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. அங்கேயே முகவரி தந்து, பொருளைப் பெற்று நமக்கு அனுப்பிவைக்கும் இடைத்தரகு நிறுவனங்கள் உள்ளன. அவற்றின் கட்டணம், அஞ்சல் செலவு, நம் நாட்டுச் சுங்கவரி மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகே ஏலத்தில் கை வையுங்கள். தேடும்போது குழுவின் பெயரை ஜப்பானிய எழுத்தில் ஒட்டினால் ஆங்கிலத் தேடலில் அகப்படாத பிரதிகள் வரும். டோக்கியோவுக்கே போக வாய்ப்பிருந்தால் ஷின்ஜுகுவில் உள்ள டிஸ்க் யூனியன் கடைகளில் பொறுமையாக ஒரு நாளைச் செலவிடுங்கள். எரித்த வட்டுகளை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். சாயம் மங்கினால் இசை போய்விடும். ஹெட்போனில் கேட்பவர்கள் ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம், இந்தக் குழுவின் உச்சஸ்தாயிச் சீறல் காதுக்கு உண்மையிலேயே கேடு.

மூன்றாம்பிறை

டேப்சேகரம் அண்ணா, வாங்குபவர்களுக்கு நீங்கள் சொன்னவை பயன்படும். ரீமாஸ்டர் பற்றிச் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பணியைச் செய்த குபோதா மகோதோ, எழுபதுகளின் தொடக்கத்தில் அதே குழுவில் பேஸ் வாசித்தவர். மேடையில் மிசுதானியின் ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் நின்ற காதுகள் அவருடையவை. நீங்களும் நானும் கேட்டது தேய்ந்த நகலை. அவர் கேட்டது அந்த அறையை. எது துடைக்கப்பட வேண்டிய தூசி, எது இசை என்று முடிவுசெய்யும் தகுதி அவரைவிட யாருக்கு இருக்கிறது? நீங்கள் சொல்லும் பூட்லெக்கின் பெரும்பகுதியே '77 லைவ்' பதிவான, 1977 மார்ச்சில் டோக்கியோவின் தாச்சிகாவாவில் நடந்த அதே நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ரீமாஸ்டர் செய்து வந்த '77 லைவ்' பதிப்பையும் அந்தக் கேசட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கேசட்டில் ஒரே குழைசேறாகக் கேட்ட இடத்தில் டிரம்ஸ் கலைஞர் எவ்வளவு நிதானமாக, எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பது தெரியவரும். மேலே அத்தனை பெரிய புயலை எழுப்ப மிசுதானிக்கு இடம் கொடுத்ததே அந்தக் குறைவுதான்.

நான் ராலிஸை முதலில் கேட்டதே 2022இல் வந்த 'தி ஓஸ் டேப்ஸ்' வழியாகத்தான். டோக்கியோவின் கிச்சிஜோஜியில் ஓஸ் என்ற சிறிய லைவ் ஹவுஸ் (நேரடி இசை நிகழ்ச்சிகள் நடக்கும் சிற்றரங்கு) இருந்ததும், 1973இல் அது மூடப்பட்டதும், அங்கே வாசித்த குழுக்களின் பதிவு அதே ஆண்டு இரட்டை இசைத்தட்டாக வந்ததும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பதிவில் கிதார் திடீரென்று எழும்போது குரல் பின்வாங்காமல், தன் வரியை அதே வேகத்தில் பாடி முடிக்கிறது. அந்த ஓரிடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். கடைசிப்பெட்டி தேடும் இடைப்பட்ட காலம் இதுவாக இருக்கலாம். குரலும் கிதாரும் அங்கே இன்னும் சம பலத்தோடு நிற்கின்றன. தேய்ந்த நகலில் அந்தக் குரல் எனக்கு எட்டியிருக்காது.