ஹியூமின் கேள்விக்குக் காண்ட் உண்மையிலேயே பதில் சொல்லிவிட்டாரா?

தறிக்காரர், பல்லடம்:
நண்பர்களுக்கு வணக்கம். ஒரு பில்லியர்ட்ஸ் பந்து இன்னொன்றின் மேல் மோதுவதையும் மற்றது உருளுவதையும் பார்க்கிறோமே தவிர, உருண்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை எங்கும் பார்ப்பதில்லை என்று ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1748இல் எழுதினார். பலமுறை கண்ட பழக்கமே நம்மை எதிர்பார்க்க வைக்கிறதாம். எனக்கு இது ஒப்பவில்லை. எங்கள் விசைத்தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி நின்றுவிடும். நூல் இருக்கும்வரை சாய்ந்து கொடுக்கும் ஒரு சிறு கம்பி, நூல் இல்லாதபோது சாயாமல் மாட்டிக்கொண்டு கைப்பிடியைத் தட்டிவிடுகிறது. காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கிறேனே?

வாசகர், பவானி:
ஐயா, கம்பியைக் காட்டியதால் ஹியூமுக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. ஓர் இணைப்பு இருந்த இடத்தில் இப்போது மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முன்னது நிகழ்ந்ததையும் பின்னது நிகழ்ந்ததையும்தான் நீங்கள் கண்டீர்கள். அதற்காக அவர் தறியை நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை. தம் 28ஆம் வயதுக்குள் வெளியிட்ட முதல் நூலிலேயே, நண்பர்களோடு உண்டு, காய் நகர்த்தி ஆடிவிட்டுத் திரும்பினால் இந்த ஐயங்கள் தமக்கே சில்லிட்டுத் தெரிகின்றன என்று ஒப்புக்கொண்டவர் அவர்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபி:
ஆராயாமல் நம்பிக்கொண்டிருந்த உறக்கத்திலிருந்து தம்மை எழுப்பியவர் ஹியூமே என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் 1783இல் எழுதினார். அவருடைய பதில் 1781இல் வந்த 'தூய அறிவின் விமரிசன'த்தில் இருக்கிறது. ஒரு வீட்டைக் கூரையிலிருந்தும் பார்க்கலாம், அடித்தளத்திலிருந்தும் பார்க்கலாம். வரிசை நம் விருப்பம். ஆற்றோட்டத்தில் போகும் படகை அப்படிப் பார்க்க முடியாது. பவானிக் கரையில் நின்றால், மேலே கண்ட பரிசலைத்தான் பிறகு கீழே காண்பீர்கள். இந்த மாற்ற முடியாத வரிசை இல்லாவிட்டால் ஒன்று 'நிகழ்ந்தது' என்றே சொல்ல இயலாது. ஆகவே காரணம் என்பது அனுபவத்திலிருந்து பொறுக்கியெடுத்த கருத்தன்று, அனுபவம் அமைவதற்கே முன்நிபந்தனை என்பது அவர் வாதம்.

தறிக்காரர், பல்லடம்:
நன்றி ஐயா. அப்படியானால் தறி நின்றதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தே தீரும் என்பதற்கு மட்டுமே காண்ட் பொறுப்பேற்கிறார். அது அறுந்த ஊடையா, போன மின்சாரமா என்பதை அவர் சொல்லவில்லையே?

ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபி:
சொல்லவில்லை. அறிஞர்கள் இன்றும் பிரிந்து நிற்பது அந்த இடத்தில்தான். என் கருத்தில், எது காரணம் என்ற அந்தப் பாதி ஹியூமிடமே இருக்கிறது. எழுந்து போய்த் தறியைப் பார்த்துத்தான் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.