பார்த்து அழகாக எழுதுகிறாள், வாசிக்க வரவில்லை. எங்கே தொடங்குவது?

கேள்வி

மாலையில் இரண்டு மணி நேரம் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். எல்லாரும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அவர்களில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. நோட்டில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் எழுதியதையே வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறாள். 'இவளுக்குப் படிப்பு ஏறாது' என்று பள்ளியில் அம்மாவிடம் சொல்லிவிட்டார்களாம். எனக்கு மனசே ஆறவில்லை. ஐந்தாம் வகுப்புப் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1

அம்மா, நான் 31 வருடம் தொடக்கப்பள்ளியில் இருந்தவன். முதலில் கண்ணைப் பாருங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறாளா, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தா? என்னிடம் ஒரு பையன் மூன்று வருடம் பக்கத்து நோட்டை வைத்தே ஓட்டியிருந்தான். கண்ணாடி போட்ட அன்று, "சார், சாக்பீஸ் தூள் விழுறதுகூடத் தெரியுது" என்றான். அத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமே என்று இன்றும் உறுத்துகிறது.

அப்புறம், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வையுங்கள். எழுத்து, சொல், ஒரு வரி, சின்னப் பத்தி என்று வரிசையாக வாசிக்கக் கொடுங்கள். எங்கே நிற்கிறாளோ அங்கிருந்துதான் பாடம். மற்ற பிள்ளைகள் முன்னால் மட்டும் வேண்டாம்.

பதில் 2

ஐயா சொல்வது சரி. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தினம் 2 மணி நேரம் தனியாக உட்காரவைத்து, அந்தந்தப் பகுதிப் பெண்களே அடிப்படையைச் சொல்லித் தந்தார்கள். ரொம்பப் பின்தங்கிய பிள்ளைகள்தான் அதிகம் முன்னேறினார்கள். உங்களிடமும் அதே 2 மணி நேரம் இருக்கிறதே!

அவள் எப்போது, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்றும் அம்மாவிடம் கேளுங்கள்.

கேட்டவர்

ஐயா, நேற்று தனியாக உட்காரவைத்துப் பார்த்தேன். க, ப, ம எல்லாம் தடுமாறாமல் சொல்கிறாள். கொம்பு வந்தால் நின்றுவிடுகிறாள். 'கொடி'யை 'கெடி' என்று வாசித்தாள், பக்கத்தில் இருந்த காலைப் பார்க்கவே இல்லை.

அம்மாவிடம் விசாரித்தேன். முதல் வகுப்பில் அப்பா வேலைக்காக மூன்று ஊர் மாறியிருக்கிறார்கள். உயிர்மெய் எழுத்து நடத்திய மாதங்களில் அவள் எந்தப் பள்ளியிலும் இல்லை. "படிப்பு ஏறாதுன்னு நானும் நம்பிட்டேனே" என்று அம்மா அழுதுவிட்டார்.

சனிக்கிழமை கண் பரிசோதனைக்குப் போகிறோம். அன்று வேலைக்குப் போகாமல் அம்மாவும் வருகிறார்.