கூட்டுப்புழு கறுத்தால் மறுநாள் காலை பூச்சியா?

கறிவேப்பிலை:
மேக்ரோமணி அண்ணாச்சி நேற்று இந்தக் குழுவில் ஏற்றிய, எலுமிச்சைச் செடியில் வளரும் லைம் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுப் படத்துக்கு அடியில் இப்படி எழுதியிருக்கிறார்: “கூட்டுப்புழு கறுத்துவிட்டால் மறுநாள் காலை பூச்சி நிச்சயம். ராத்திரியே கேமராவை நட்டு வையுங்கள்.” எனக்கு இந்த வரியைப் படித்ததிலிருந்து பொறுக்கவில்லை. பங்குனியில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் துளிர்க்கும். அப்போதுதான் புதியவர்கள் கேமராவோடு இறங்குவார்கள். அவர்களிடம் போய்க் கறுப்பைப் பார் என்று சொல்லலாமா? செத்த கூட்டுப்புழுவும் கறுக்கும். குளவி முட்டையிட்ட கூட்டுப்புழுவும் கருமை தட்டும். பார்க்க வேண்டியது இறக்கை உறையை, அதாவது கூட்டுப்புழுத் தோலில் இறக்கையை மூடியிருக்கும் பகுதியை. உள்ளே லைமின் மஞ்சள் புள்ளிகள் தோலைத் தாண்டித் தெரிய வேண்டும். புள்ளி தெரியாத கறுப்பை நம்பிக் கேமரா நடாதீர்கள்.

மேக்ரோமணி:
ஏனுங்க அம்மிணி, முழுசாப் படிச்சுட்டு எழுதுங்க. கறுத்தால் காலையில் வரும். லைமுக்கும் அப்படித்தான், மார்மன் வண்ணத்துப்பூச்சிக்கும் அப்படித்தான், எருக்கில் தொங்கும் பிளெய்ன் டைகர் வண்ணத்துப்பூச்சிக்கும் அப்படித்தான். கறுக்காமல் எந்தப் பூச்சி வந்திருக்கிறது? ஒன்று காட்டுங்கள்.

கறிவேப்பிலை:
ஒன்றென்ன, சரக்கொன்றையிலேயே காட்டுகிறேன். எமிகிரன்ட் வண்ணத்துப்பூச்சிகள் கொன்றைத் துளிரில் முட்டையிடும். அதன் கூட்டுப்புழு பச்சை. வெளிவரும் முன்னால் இறக்கை உறை வெளிர்மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாறும். லைம் மாதிரி முழுக்கக் கறுக்காது. ஏன்? தோலுக்குள் இருக்கும் இறக்கை வெளிர்நிறம். தோல் கண்ணாடி மாதிரி ஆனதும் உள்ளே இருக்கும் நிறம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். லைமுக்குக் கறுப்பு இறக்கை, அதனால் கறுப்பாகத் தெரிகிறது. கறுப்பை எதிர்பார்த்துக் கொன்றை மரத்தடியில் நிற்கிறவர் காலி ஓட்டைத்தான் படம் எடுப்பார்.

மேக்ரோமணி:
பேசுவது லைம். கொன்றையை யார் கேட்டது? லைம் கறுத்ததா, காலையில் வந்தது. முடிந்தது.

நொய்யல்கரை:
இருவரும் கறுப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? உடம்பு முழுக்கவா, இறக்கைப் பக்கம் மட்டுமா, பளபளப்பா, மங்கலா? இதைச் சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு குறையுமே.

கறிவேப்பிலை:
அண்ணாச்சி, லைமுக்கே வருகிறேன். புழு கடைசியாக ஒருமுறை நீராகக் கழித்துவிட்டு இடம் தேடி நகரும். பட்டு நூலால் ஒரு திண்டு நெய்து வாலை அதில் பதித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு நூலும் சுற்றிக்கொள்ளும். பிறகு தோல் உரியும். உரிந்ததும் அதன் உடம்பு வெண்ணெய் மாதிரி மெதுவாக இருக்கும். டெரோமாலஸ் என்கிற குட்டிக் குளவி அந்த நேரத்துக்காகவே புழுவின் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கும். தோல் இறுகும் முன் ஊசியை ஏற்றி உள்ளே முட்டையிட்டுவிடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் குளவி. ஒரே கூட்டுப்புழுவிலிருந்து பத்துப் பத்தாக வரும், நூறைத் தாண்டுவதும் உண்டு. அப்படிப்பட்டது நாளாக ஆகக் கருமை தட்டி மங்கிப் போகும். தொட்டால் நெளியாது, விறைத்து நிற்கும். கடைசியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதன் வழியே குளவிக் கூட்டம். உங்கள் வரியை நம்பியவர் இதன் முன்னால்தான் இரவு முழுக்க உட்காருவார்.

கிருமி தாக்கியது இன்னொரு வகைக் கறுப்பு. தொட்டால் அமுங்கும், நாற்றம் வரும், நீர் கசியும். மூன்றும் கறுப்புதான். பூச்சி வருவது ஒன்றில்தான்.

மேக்ரோமணி:
குளவி ஏறியது கறுப்பே இல்லைங்க, அது காப்பிப்பொடி நிறம். கறுப்பையும் பழுப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் போன வருசம் பச்சை–பழுப்புச் சண்டையிலும் இப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதினார்.

கறிவேப்பிலை:
போன வருசத்தை இழுத்தது நீங்கள்தான், அதனால் பதில் சொல்கிறேன். “பழுப்பு இலையில் இருந்தால் பழுப்பு, பச்சை இலையில் இருந்தால் பச்சை” என்று எழுதினீர்கள். லைம், மார்மன் குடும்பத்தில் கூட்டுப்புழுவின் நிறத்தைப் பின்னணி நிறம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வழுவழுப்பான பச்சைத் தண்டில் பச்சையாகவும், சொரசொரப்பான காய்ந்த குச்சியிலும் சுவரிலும் பழுப்பாகவும் அமைவதே அதிகம். புழு தொட்டு உணரும் பரப்புக்கும் அதில் பங்கு உண்டு. அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் இல்லை. சுவரில் ஒட்டிய பழுப்புக் கூட்டுப்புழுவை முதல் நாளே பார்த்துவிட்டு “கறுக்க ஆரம்பித்துவிட்டது” என்று கேமராவை நடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் ஒரு வாரம் கிடக்கும் அது.

ஈசுவரமூலி:
இடையில் ஒன்று. மேக்ரோமணி ஐயா தம் பழைய பதிவுகளில் இதைக் “கூடு” என்றே எழுதி வருகிறார். கூடு என்பது பட்டுப்புழு நூற்பது. அந்துப்பூச்சிகளில் பலவும் நூற்கும். லைம் எதையும் நூற்று மூடிக்கொள்வதில்லை, இடுப்பு நூலும் வால் திண்டும் மட்டுமே. வெளியே தெரிவது அதன் தோல். சொல் தவறினால் தேடும் கண்ணும் தவறும். கூட்டைத் தேடுகிறவர் இலைச் சுருட்டைப் பிரிப்பார், தண்டின் அடிப்பக்கத்தைப் பார்க்க மாட்டார்.

மேக்ரோமணி:
எங்க ஊரில் கூடு என்றுதான் சொல்வோம். தமிழ் வகுப்பு வேறு பக்கம் நடத்துங்க.

ஈசுவரமூலி:
வகுப்பு இல்லை ஐயா. 2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள். அழகான பெயர். அப்படிப் பெயர் வைக்கத் தெரிந்த மொழியில் கூட்டுப்புழுவை மட்டும் ஏன் தவறாகச் சொல்ல வேண்டும்?

சிறகு75:
சண்டை எதற்கு. கறுத்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் நமக்குத் தோதான நேரம் வரை தள்ளிப் போடலாமே. வெளியே எடுத்து வெயில் பட்டதும் வரும், நல்ல வெளிச்சத்தில் எடுக்கலாம்.

பொதிகைச்சாரல்:
தம்பி, இதை எழுதியதற்கு வெட்கப்பட வேண்டும். இறக்கை முற்றிய கட்டத்தில் குளிரில் வைத்தால் ஓட்டை உடைத்து வரும் பலம் போய்ப் பாதியில் மாட்டிக்கொள்ளக்கூடும். ஒரு படத்துக்காக ஒரு உயிரை முடமாக்குவதா? இன்னொன்றும் கேட்கிறேன். மணி அண்ணன் படத்தில் “காட்டில் எடுத்தது” என்று போட்டிருக்கிறது. குச்சியின் கீழ்நுனி கத்தரியால் வெட்டியது போல நேராக இருக்கிறது. குச்சியை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து எடுத்தால் அப்படியே எழுதுங்கள்.

மேக்ரோமணி:
வீட்டுத் தோட்டத்துச் செடிங்க, யாரைக் கேட்க வேண்டும்? “காட்டில்” என்றால் எங்க பக்கம் தோட்டம், வயல். கோயமுத்தூர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

பொதிகைச்சாரல்:
அந்த அர்த்தம் கொங்கில் எல்லாருக்கும் தெரியும். புகைப்படப் போட்டிக்கு அனுப்பும்போது நடுவருக்குத் தெரியாது. குச்சியைப் படுக்க வைத்து வேறு எடுத்திருக்கிறீர்கள். அது அதைவிட மோசம். வெளிவந்த பூச்சி தொங்க வேண்டும். இறக்கை கீழே விரிய குறைந்தது ஒரு சாண் இடம் காலியாக இருக்க வேண்டும். படுக்கையில் வந்து தொங்க இடம் கிடைக்காவிட்டால் இறக்கை மடிந்தபடியே காய்ந்துவிடும், பிறகு பறக்கவே பறக்காது.

நொய்யல்கரை:
கறுப்பு எது என்று நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கறிவேப்பிலை:
எது பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கறுப்பை விடுங்கள்.

சாயங்காலம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். இறக்கை உறையில் மஞ்சள் புள்ளி வரிசை தெரிகிறதா? தெரிந்தால் அநேகமாக மறுநாள். அடுத்து வயிற்றுக் கண்டங்கள், வளையம் வளையமாக இருப்பவை. வெளிவருவதற்குச் சில மணி நேரம் முன்னால் கண்டங்களுக்கு இடையே இடைவெளி விட்டு, வயிறு நீண்டது போல ஆகும். தோல் காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி உள்ளே ஒட்டாமல் நிற்கும். இரண்டும் சேர்ந்தால் எழுந்து போகாதீர்கள்.

கேமரா விசயத்திலும் அண்ணாச்சி எழுதியது தவறு. “முப்பது விநாடிக்கு ஒரு படம் போதும்” என்கிறார். ஓடு பிளந்து பூச்சி வெளியே வந்து நிற்பது ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். முப்பது விநாடி வைத்தால் இரண்டு மூன்று படம்தான் மிஞ்சும். இரண்டு விநாடி வையுங்கள், அல்லது வீடியோ எடுங்கள். இறக்கை விரிவது பத்து இருபது நிமிடம், அதற்குப் பத்து விநாடி தாராளம். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் என்றால் லென்ஸ் திறப்பு எஃப் 11, ஃபிளாஷ் வலு 1/16, ஒளி பரவ ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் துணியோ டிரேசிங் தாளோ. கூட்டுப்புழுவின் பக்கவாட்டுக்கு இணையாகக் கேமரா நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தலை தெளிவாகவும் வால் மங்கலாகவும் விழும். ஆலஜன் விளக்கு வேண்டாம், சூட்டில் தோல் காய்ந்து பூச்சி ஓட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். ஏசி அறையும் வேண்டாம்.

வந்த பூச்சி ஒரு நீர் விடும், சில பூச்சிகளில் அது சிவப்பாக இருக்கும். ரத்தம் என்று பயந்து தொடாதீர்கள்.

மேக்ரோமணி:
இத்தனை எழுதியும் கறுத்தது காலையில் வரும் என்பதை மறுக்க முடியவில்லை பாருங்கள். புள்ளி தெரியும்போது அது கறுத்துத்தானே இருக்கிறது?

கறிவேப்பிலை:
புள்ளி தெரிந்தால் கறுத்திருக்கும். கறுத்திருந்தால் புள்ளி தெரியும் என்று இல்லை. இது எப்படி அண்ணாச்சி பிடிபடவில்லை?

மேக்ரோமணி:
கறுப்பு கறுப்புதான் அம்மிணி.

சிறகு75:
ஃபிரிட்ஜ் வேண்டாம் என்றால் மண்பானை மேல் ஈரத்துணி போட்டு வைக்கலாமா?

பொதிகைச்சாரல்:
தம்பி, செடியிலேயே விடு. விடியற்காலையில் எழுந்து போ. பெரும்பாலும் காலையில்தான் வரும்.

ஈசுவரமூலி:
மேக்ரோமணி ஐயா மறுபடியும் தலைப்பில் “கூடு” என்று மாற்றியிருக்கிறார்.

மேக்ரோமணி:
மாற்றுவேன்.

கறிவேப்பிலை:
தலைப்பை விடுங்கள். நேற்றைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது இறக்கை உறையில் ஒரு புள்ளிகூட இல்லை. வயிற்றில் நாலாவது கண்டத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்னத் துளை இருக்கிறது. இன்றைக்குக் காலை என்ன வந்தது என்று சொல்லுங்கள். பூச்சியா, குளவியா?

மேக்ரோமணி:
துளை இல்லைங்க அது, தூசி. காலையில் மேகமாக இருந்தது. நாளைக் காலை வரும்.