இயற்கை ரப்பர் டையில் அடைத்துக்கொள்கிறது: எண்ணெய் உதவுமா?

கலவைக்கூடம்:
ஆர்எஸ்எஸ்-3 (புகையூட்டிய இயற்கை ரப்பர் ஷீட்), ஸ்டியரிக் ஆசிட் 2 பிஎச்ஆர் (100 பாகம் ரப்பருக்கு இத்தனை பாகம்), ஜிங்க் ஆக்சைடு 5. கார்பன் பிளாக் (கரித்தூள் நிரப்பி) இல்லை. ரப்பரை வேகவைக்கும் கந்தகமும், அதைத் துரிதப்படுத்தும் ஆக்ஸிலரேட்டரும் இன்னும் சேர்க்கவில்லை. கேப்பிலரி ரியோமீட்டரில் (டை எனும் குறுகிய துளை வழியே ரப்பரைத் தள்ளி ஓட்டத்தை அளக்கும் கருவி) 50 டிகிரியில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அழுத்தம் எகிறி ஓட்டம் நின்றுவிடுகிறது. வெளியே வந்த துண்டு விறைப்பாக, வெளுத்திருக்கிறது. எண்ணெய் சேர்த்தால் தீருமா?

மூனி_மட்டம்:
கந்தகமே இல்லாதபோது ஸ்கார்ச்சுக்கு (ரப்பர் முன்கூட்டியே வேகுவதற்கு) வழியில்லை. இது படிகம். சும்மா கிடக்கும் இயற்கை ரப்பர் மைனஸ் 25 டிகிரி வாக்கில்தான் மிக வேகமாகப் படிகமாகும். ஆனால் அகன்ற பீப்பாயிலிருந்து குறுகிய துளைக்குள் நுழையும்போது சங்கிலிகள் இழுபட்டு வரிசையாக நிற்பதால் உருகுநிலை மேலேறுகிறது. படிகம் அடர்த்தி கூடியது என்பதால் அழுத்தமும் அதையே செய்யும். துளை கொஞ்சம் அடைபட்டால் அழுத்தம் கூடும், அதனால் இன்னும் படிகமாகும். பிறகு நின்றுதான் போகும்.

சந்தேகமென்றால் விறைத்த துண்டை 80 டிகிரி வெந்நீரில் போடுங்கள். இளகிச் சுருங்கினால் படிகம்தான். 70 டிகிரியில் ஓட்டினால் அடைக்கும் வேகமும் தள்ளிப்போக வேண்டும்.

ரோல்மில்:
நாஃப்தனிக் எண்ணெய் 5–10 பிஎச்ஆர் உதவும்: சங்கிலிகளுக்கிடையே புகுந்து உருகுநிலையைக் குறைக்கும், இழுவிசையையும் தணிக்கும். ஆனால் நான் முதலில் கைவைப்பது நீளச் சங்கிலிகளில். இழுபட்ட நிலையில் அதிக நேரம் நிற்பவை அவைதான், முதல் படிகக் கருவும் அங்கேதான் பிறக்கும். பெப்டைசர் (சங்கிலிகளை உடைக்க உதவும் ரசாயனம்) 0.1–0.2 பிஎச்ஆர் போட்டு நன்றாக மசித்துப் பாருங்கள். பொருள் அனுமதித்தால் 20 பாகம் எஸ்பிஆர் (ஸ்டைரீன்-பியூட்டடீன் செயற்கை ரப்பர்) கலக்கலாம், அது படிகமாகாது.

ஸ்டியரிக் ஆசிட் வேறு கதை. குளிர்கிடங்கில் ரப்பர் கல்லாவதை அது துரிதப்படுத்தும். டைக்குள் அதன் பங்கு சிறிது, அதைக் குறைத்து இந்த அடைப்பு தீரும் என்று நம்ப வேண்டாம்.

கலவைக்கூடம்:
பிளாக் சேர்த்தால் அடைப்பு குறையுமா?

மூனி_மட்டம்:
நம்ப வேண்டாம். துகள்கள் நீளாது, அவற்றுக்கிடையே உள்ள ரப்பர்தான் சராசரியைவிட அதிகமாக நீளும். மருந்து மாற்றுவதற்கு முன் டையைப் பாருங்கள்: தட்டையான 180 டிகிரி நுழைவு என்றால் 60 டிகிரி கூம்பு போட்டாலே இழுப்பு வேகம் குறையும். ஒரே விட்டத்தில் நீளம் குறைந்த டையிலும் ஓட்டிப் பாருங்கள். அதிலும் அடைத்தால் சிக்கல் நுழைவாயிலில்தான்.

ரோல்மில்:
பெப்டைசரை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். வேகவைக்காத காம்பவுண்டின் இழுவலிமையும் இதே படிகமாதலிலிருந்துதான் வருகிறது, டயர் கட்டும்போது அது வேண்டும்.